முதலில் தொகையைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராம சபை நடந்த மறுநாள் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வரும். மேசை, அதன்மேல் பச்சை விரிப்பு, தண்ணீர் பாட்டில், தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர். கீழே நாலு வரிச் செய்தி, ‘தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன’ என்று முடியும். போன தடவை வந்த படத்தின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி பாதி தெரிந்தது. அந்த ஸ்பீக்கர் என்னுடையது. ஊராட்சிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று கூட்டத்தில் சொல்லாமல் விடுவது உட்பட, அந்த நாலு வரியில் வராத சில விஷயங்களைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். நாற்காலி, சாமியானாவும் உண்டு. இருபத்துநாலு வருடமாக இதுதான் தொழில். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, திருவிழா, தேர்தல் எல்லாவற்றுக்கும் மைக் கட்டுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபை என்றால் எல்லா ஊராட்சிகளிலும் ஒரே நாளில் கூட்டம். என்னிடம் நாலு செட் இருக்கிறது. மூன்றை மகனும் வேலைக்கு இருக்கும் பையன்களும் எடுத்துப் போவார்கள், ஒன்றோடு நான் போவேன். இப்படி மாறி மாறிப் போனதில் பதினோரு ஊராட்சிகளின் கூட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறேன். ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் கூட்டம் மட்டும்தான் தெரியும். பெரிய அதிகாரிகள் ஒரு ஊரில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த ஊருக்கு ஜீப் ஏறுவார்கள். ஆம்ப்ளிஃபயரை விட்டு நகர முடியாதவன் நான்தான்.

முன்பு வருடத்துக்கு நாலு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லிருந்து மார்ச் 22 தண்ணீர் நாளையும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கூட்டச் செலவுக்கான வரம்பும் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ஆனது. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. எனக்கு லாபம். அதை மறைக்கப் போவதில்லை.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மேலிடத்திலிருந்து கூட்டப் பொருள் என்று ஒரு தாள் வரும். கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் தடை, பருவமழை முன்னெச்சரிக்கை, குடிநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது, இப்படி வரிசையாக இருக்கும். ஊராட்சி செயலர் மூச்சுவிடாமல் படிப்பார். மைக்கை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று இத்தனை வருடமாகச் சொல்லியும் ஒருவரும் கேட்டதில்லை. நாலு ஊரில் நாலு செட் ஓடினாலும் நாலிலும் ஒரே பேச்சுதான், என் மகன் போனில் கேட்டு உறுதி செய்திருக்கிறான். ஒவ்வொரு பொருளுக்கும் ‘சபை ஏற்கிறதா?’ என்பார்கள். முன்வரிசையில் நாலு பேர் தலையை ஆட்டுவார்கள். அந்த ஊராட்சியின் சொந்த வரவு செலவு இந்த வரிசையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

அப்புறம் கையெழுத்து நோட்டு. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம்வரை மக்கள்தொகை இருந்தால் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. நான் கொண்டுபோனது எண்பது நாற்காலி. அதில் பதினைந்து காலியாக இருக்கும், மரத்தடியில் ஒரு முப்பது பேர் நிற்பார்கள். நோட்டில் இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து இருக்கும். மீதிப் பேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. நாற்காலிக்குத்தான் எனக்கு வாடகை, கையெழுத்துக்கு இல்லை.

வந்தவர்கள் பெரும்பாலும் மனுவோடு வருவார்கள். தெருவிளக்கு, சாக்கடை, சமுதாயக் கூடம், பேருந்து நிழற்குடை, முதியோர் பென்ஷன், பட்டா. எல்லாவற்றையும் வாங்கி ஒரு கட்டாகக் கட்டி வைப்பார்கள். ‘பரிசீலிக்கப்படும்.’ அடுத்த கூட்டத்தில் அதே மனிதர் அதே மனுவை வேறு தேதி போட்டுக் கொடுப்பார். சிலருடைய மனுவை வரிவரியாக நானே சொல்வேன். நிழற்குடை கேட்கும் ஒருவர் ‘ஐயா, வெயிலிலும் மழையிலும்’ என்று ஆரம்பிக்கும்போதே சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைப்பேன், அவருக்குத் தொண்டை சன்னம்.

இத்தனை வருடத்தில் நான் கவனித்தது ஒன்றுதான். கேட்பவர்களுக்கு ஊராட்சியின் பணப்பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. தெரியாததால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர்களும் எதற்கும் இல்லை என்று சொல்வதில்லை. சொன்னால் ‘அப்போ எவ்வளவுதான் இருக்கு?’ என்ற கேள்வி வந்துவிடுமே.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தி ஜெயந்திக் கூட்டத்துக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் குடவோலை முறை கட்டாயம் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உத்திரமேரூரில் நம் முன்னோர் என்று தொடங்குவார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருமுறை காஞ்சிபுரத்தில் கல்யாண வேலை இருந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு அந்த உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே போய்விட்டேன். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, சுவர் முழுக்க எழுத்து. நமக்குப் படிக்க வராது. அங்கே விளக்கிச் சொன்னார்கள். சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயரைத்தான் குடத்தில் போடுவார்களாம். அப்படியானால் என்னைப் போன்றவன் அந்தக் குடத்தின் பக்கத்திலேயே போயிருக்க முடியாது, சரி. ஆனால் இன்னொன்றும் சொன்னார்கள்: ஊர் வேலை பார்க்கும் வாரியம் என்ற குழுவில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரும் அவன் உறவுக்காரர்கள் பெயரும் குடத்தில் ஏறக்கூடாது. இந்தப் பகுதியை நான் மைக் கட்டிய எந்த மேடையிலும் ஒருவரும் சொன்னதில்லை.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் திருகு என்று ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் யாராவது எழுந்து ‘போன வருஷம் மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு எழுதியிருக்கு?’ என்று ஆரம்பித்தால் மேசையிலிருந்து ஒருவர் என்னைப் பார்ப்பார். வாயால் எதுவும் சொல்ல மாட்டார். காதைத் தடவுவார், அல்லது கையைத் தாழ்த்திக் காட்டுவார். நான் திருகைக் குறைத்துவிடுவேன். மைக் கோளாறு என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கேள்வி கேட்டவரும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதை ஒரு தடவை செய்யவில்லை, பல தடவை செய்திருக்கிறேன். அடுத்த ஆர்டர் வேண்டும், பழைய பாக்கி வர வேண்டும், அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

என்னை மாற்றியது ஒரு வெங்காயப் பட்டறை. எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தை வயலோரம் பட்டறை போட்டு வைப்பார்கள். மேலே ஓலை வேய்ந்து, மழைக்கு ஏதாவது தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். ஒரு நாள் திருவிழா அட்வான்ஸ் வாங்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பட்டறை ஓரம் ஒதுங்கினேன். அதை மூடியிருந்தது பழைய பிளக்ஸ். தலைகீழாக இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தால், படிவம் 30, ஊராட்சியின் வரவு செலவு விவரம். கிராம சபை அன்று மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய பேனர். அதை நானேதான் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தேன், மேசைக்குப் பின்பக்கம், டீ அண்டா இருந்த மூலையில். அங்கே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கூட்டம் முடிந்ததும் யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். வெங்காயத்துக்காவது உதவியது.

மழை ஒரு மணி நேரம் விடவில்லை. அந்த ஊராட்சியின் கணக்கை ஆற அமரப் படித்த வெளியாள் நானாகத்தான் இருப்பேன். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் காயில் கட்டியது, எழுதுபொருள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. கிராம சபைச் செலவு என்ற வரி வந்ததும் நின்றுவிட்டேன். அது என் வரி. அந்தக் கூட்டத்துக்கு நான் வாங்கிய பணம் எனக்குத் தெரியும். பிளக்ஸில் இருந்தது அதைப்போல இரண்டரை மடங்கு. பின்னால் செயலரிடம் கேட்டேன். டீ, பிஸ்கட், பிளக்ஸ், நோட்டீஸ் எல்லாம் சேர்த்துத்தான் அண்ணே என்றார். இருக்கலாம். அவரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டீ கொண்டுவந்தவரை எனக்குத் தெரியும், எத்தனை டீ என்றும் தெரியும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. முழுக் கணக்கும் யாருக்கும் புரியாது. ஆனால் ஒவ்வொரு வரியையும் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். மோட்டார் எத்தனை முறை எரிந்தது என்று டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று அந்தக் கம்பத்தடி வீட்டுக்காரிக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை இறங்கியது என்று தூய்மைக் காவலருக்குத் தெரியும். பேனரை இவர்கள் கண்ணுக்கு எதிரே கட்டியிருந்தால் போதும், ஆடிட்டரே வேண்டாம்.

2022 மே 1. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பொது இடமில்லாமல் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சாமியானா. தலைவர் ஒரு பெண். முதல் தடவை ஜெயித்து வந்தவர். அதற்கு முந்தைய கூட்டங்களில் அவருடைய வீட்டுக்காரர்தான் மைக்கைப் பிடிப்பார், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அன்று வீட்டுக்காரருக்குக் காய்ச்சலோ என்னவோ, வரவில்லை. நான் அப்போதுதான் கார்ட்லெஸ் மைக் ஒன்று வாங்கியிருந்தேன். அதுவரை பத்து மீட்டர் வயர்தான். அந்த வயர் எட்டுகிற வரிசைவரைதான் பேச்சு, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச வேண்டுமென்றால் எழுந்து எல்லோரையும் தாண்டி முன்னால் வர வேண்டும். யாரும் வந்ததில்லை.

கூட்டப் பொருள் படித்து முடித்து, மனுக்கள் வர ஆரம்பித்தன. தலைவரம்மா ஒவ்வொன்றாக வாங்கி வாங்கி மேசை நிறைந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அவருக்கே ஆயாசமாகிவிட்டது போலிருக்கிறது. செயலர் பக்கம் திரும்பி, ‘தம்பி, நம்மகிட்ட எவ்வளவுதான் இருக்கு?’ என்று கேட்டார். மைக் ஆனில் இருந்ததை மறந்துவிட்டார். கேள்வி ஊர் முழுக்கக் கேட்டது. செயலர், கூட்டத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய பற்றாளரைப் பார்த்தார். பற்றாளர் அவருடைய செல்போனைப் பார்த்தார். மேசை ஓரத்தில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் காதைத் தடவினார். நான் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். உண்மையில் அன்று கரண்ட் இருந்தது.

செயலர் சின்னப் பையன், வேறு ஊரிலிருந்து மாறி வந்தவர். தயங்கித் தயங்கிச் சொன்னார். மத்திய நிதிக்குழு மானியம் இந்த வருடத்துக்குச் சுமார் 11 லட்சம் வரும். அதில் 60 சதவீதம் ‘டைடு’, குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் தொடலாம். 40 சதவீதம் ‘அன்டைடு’, சம்பளம் தவிர ஊருக்குத் தேவையான எதற்கும். மாநில நிதியிலிருந்து மாதாமாதம் வருவதும் வீட்டு வரியும் கரண்ட் பில்லுக்கும் கூலிக்குமே சரியாகிவிடும். ஆக, கையில் நினைத்தபடி செய்ய இருப்பது 4,40,000.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசி வரிசையில் ஒரு பாட்டி கையை நீட்டினார். கார்ட்லெஸைப் பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: ‘ஏஞ்சாமி, அப்ப ஆறரை லட்சம் கட்டிப்போட்ட மாடு, நாலரை லட்சம் அவுத்துவிட்ட மாடுங்கிற. போர் மோட்டாரு எந்த மாட்டுல வரும்?’ கட்டிப்போட்டதில் என்றார் செயலர். ‘அப்ப தண்ணிக்குக் குடுத்த மனுவ எல்லாம் தனியா எடுத்து வையி. அத இதோட போட்டுக் கொளப்பாத.’

இத்தனை வருடத்தில் மனுக்களைப் பிரித்து வைத்து நான் பார்த்தது அன்றுதான். தலைவரம்மாவே மேசைமேல் இரண்டு அடுக்காக வைத்தார். குடிநீர், சாக்கடை எல்லாம் ஒரு பக்கம் போனபின் அடுத்த பக்கத்தில் நாலு பெரிய வேலை மிஞ்சியது. சமுதாயக் கூடம், நிழற்குடை, பிள்ளையார் கோயில் தெருவுக்கு பேவர் பிளாக், காலனி மயானத்துக்குப் போகும் வழியில் ஓடைக்கு ஒரு குழாய்ப் பாலம். சமுதாயக் கூடத்தைப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவராகவே எழுந்து, ‘இது நமக்குக் கட்டாது, எம்எல்ஏ நிதியில கேட்டுக்குவோம்’ என்று உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் சமாதானப்படுத்தவில்லை, மிரட்டவில்லை. தொகையைக் கேட்டார், கணக்குப் போட்டார், அவ்வளவுதான்.

பேவர் பிளாக்கா பாலமா என்பதில்தான் சண்டை. கோயில் தெருக்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம். ஐப்பசி கார்த்திகையில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகும்போது பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடப்பதை ஒரு இளைஞர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, எந்த இடத்தில் கால் வைக்க வேண்டும், எந்த இடத்தில் பள்ளம் என்று வழி சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பக்கம் முகங்கள் இறங்கின. ஆனாலும் அதனால் மட்டும் காரியம் நடந்துவிடவில்லை, நான் ஒன்றும் கதை எழுதவில்லை. கோயில் தெருவிலேயே ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், ‘பாலம் வந்தா நம்ம வெங்காய டிராக்டரும் போகுமில்ல?’ என்றார். அங்கேதான் திரும்பியது. ஒன்றிய ஓவர்சியர் அங்கேயே இருந்தார். குத்துமதிப்பாக மூன்றரை லட்சம் ஆகும் என்றார். மிச்சத்தில் அங்கன்வாடி முன்னால் மண் கொட்டி மேடாக்குவது என்று முடிவானது. கோயில் தெருவில் சிலர் கோபித்துக்கொண்டு வேகமாக எழுந்து போனதில் என் நாற்காலி ஒன்றின் கால் முறிந்தது. அதற்கு நான் காசு கேட்கவில்லை.

மதியம் ஒன்றரை ஆகியும் ஆட்கள் இருந்தார்கள். வழக்கமாக டீ கொடுத்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

பாலம் உடனே வரவில்லை. அந்த வருட மழையும் ஓடையில்தான் கழிந்தது. அடுத்த கோடையில் வேலை ஆரம்பித்தபோது அந்தப் பக்கம் ஒரு சடங்குக்கு மைக் கட்டப் போயிருந்தேன். ஒப்பந்தக்காரர் என்னிடமே புலம்பினார்: ‘எந்த ஊர்லயும் இப்படி இல்லண்ணே, கலவை போடுற எடத்துல நாலு பேர் குத்த வச்சு உக்காந்து சிமெண்ட் மூட்டைய எண்ணுறாங்க.’ பணி விவரப் பலகையில் எழுதியிருந்த மதிப்பீட்டைப் படித்துவிட்டு, குழாயின் அகலம் குறைகிறதே என்று ஒரு பெண் ஓவர்சியருக்குப் போன் போட்டாராம். குழாய் மாறியதா என்று நான் விசாரிக்கவில்லை. பாலம் இருக்கிறது, டிராக்டர் போகிறது, மற்றதும் போகிறது.

நம் ஊரில் தவறுதலாக நடந்த இந்தக் காரியம் பக்கத்து மாநிலத்தில் வழக்கமாகவே இருக்கிறது. என் மச்சான் பாலக்காட்டில் இருபது வருடத்துக்கு மேலாக டீக்கடை வைத்திருக்கிறான். அங்கே கிராம சபை வார்டுக்கு ஒன்று. 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். மாநில பட்ஜெட்டோடு நான்காம் அனுபந்தம் என்று ஒரு தனிப் புத்தகம் போடுகிறார்கள், அதில் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்று பெயர்வாரியாக அச்சாகிவிடுகிறது. கூட்டத்துக்கு முன்பே தொகை தெரியும். இதையெல்லாம் அவன் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஊராட்சி அலுவலர் ஒருவர் எனக்கு விளக்கினார். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆடு, கோழி, வீடு கொடுக்கும் பட்டியலில் பெயர் சேர்க்கும் கூட்டத்துக்குத்தான் ஆள் வருகிறது, மற்ற கூட்டத்துக்கு வருவதில்லை என்று மச்சான் சிரிக்கிறான். இருந்தாலும் எவ்வளவு என்று யாரும் காதைத் தடவ வேண்டியதில்லை.

இங்கே 2025-ல் நிலைமை இன்னும் மோசமானது. எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. அதன்பின் தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசிவரை இப்படித்தான் இருந்தது, அந்தக் கூட்டங்களுக்கும் நான்தான் மைக் கட்டினேன். ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் பல ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரால் எல்லா ஊரிலும் உட்கார முடியாது. மே தினக் கூட்டத்தில் மைக்கைத் திறந்து வைத்துவிட்டு ‘எவ்வளவுதான் இருக்கு?’ என்று வெகுளியாகக் கேட்க ஒரு தலைவரம்மா மேசையில் இல்லை. அந்தப் பாட்டி இருக்கிற ஊரிலேயே அதற்குப்பின் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். பாட்டி வந்திருந்தார். கையை நீட்டினார். ‘நேரமாகிவிட்டது, மனுவாகக் கொடுத்துவிடுங்கள்’ என்றார்கள்.

1994-ஆம் வருடத்து ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஏற்பது, தணிக்கை அறிக்கையை ஏற்பது எல்லாம் கிராம சபையின் வேலை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. புதிதாகச் சட்டம் கேட்கவில்லை. கூட்டப் பொருளில் கொசு ஒழிப்புக்கு முன்னால், வணக்கம் சொன்ன கையோடு, இந்த வருடம் நம் ஊராட்சிக்கு இவ்வளவு வருகிறது, இதில் கட்டிப்போட்டது இவ்வளவு, அவிழ்த்துவிட்டது இவ்வளவு என்று ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். படிவம் 30 பேனரை மேசைக்குப் பின்னால் கட்டாமல் நாற்காலிகளுக்கு எதிரே, நின்ற இடத்திலிருந்து படிக்கிற எழுத்தில் கட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கட்டுக்கம்பி என் செலவு.

நகரத்தில் இருப்பவர்கள் இது கிராமத்து விவகாரம் என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபை என்று ஆரம்பித்தார்கள். என் வீடும் கடையும் நகர எல்லைக்குள் இருக்கிறது. பதினோரு ஊர்ச் சபைகளைக் கேட்ட நான் என் சொந்தப் பகுதியின் சபையை இன்னும் பார்க்கவில்லை. எனக்கு அழைப்பும் வரவில்லை, மைக் ஆர்டரும் வரவில்லை. மைக் இல்லாமலே நடத்துகிறார்களோ என்னவோ.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைச் செய்தியில் எத்தனை தீர்மானம் என்று போடுவதற்குப் பதிலாக, அந்த ஊராட்சிக்கு இந்த வருடம் எவ்வளவு பணம் என்று கூட்டத்தில் சொன்னார்களா, சொன்னார்கள் என்றால் எவ்வளவு என்று ஒரு எண்ணை மட்டும் போடுங்கள். இடம் அதிகம் பிடிக்காது. சொல்லவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

என் பங்குக்கு, ஆறடிக்கு நாலடியில் ஒரு கரும்பலகை அடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்திலிருந்து நான் போகிற ஊருக்கு மைக் செட்டோடு அதுவும் வரும், வாடகை கிடையாது, சாக்பீஸும் உண்டு. நான் எழுத மாட்டேன், எனக்கு அதிகாரம் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் வெறும் பலகையாக நிறுத்திவைப்பேன். என்ன இது என்று யாராவது கேட்டால், தொகை எழுத என்று சொல்வேன். மகன் வேண்டாம் என்கிறான், பதினோரு ஊரும் போய்விடும் என்கிறான். ஏற்கெனவே ஒரு ஊரில் பாக்கி மூன்று கூட்டத்துக்கு நிற்கிறது, அதுவும் இதனால் வராது என்று அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

இந்தக் கடிதத்தைப் போடுவதானால் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி வாடகைக் கடைக்காரர் ஒருவர்